எண்ணிக்கை நாளில் வந்தவர்கள்

ஆல்டர் பே, மிச்சிகன்
2013 அக்டோபர் 3

அன்புள்ள ஐலா,

நேற்று எண்ணிக்கை நாள். காலை மணி அடித்தபோது பள்ளியில் இருந்தவர்கள் இவர்கள்: நியேமி வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர், கடைக்குட்டி கெய்சா உட்பட. கார்ல்சன் வீட்டில் மூவர். லாஹ்தி இரட்டையர். ஹில்டுனென் வீட்டு அண்ணனும் தங்கையும். போதகர் வீட்டுப் பையன்கள் மூன்று பேர். தபால்காரரின் பேத்தி. பெரியவர்களில் நான், கொதிகலனைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரர் வேர்ன், பள்ளி வாரியத் தலைவர் ராய் கோசோனென், பென்ஃபீல்டிலிருந்து ஒரு நாளைக்கு மட்டும் மாற்று ஆசிரியையாக வந்த திருமதி பிளாங்க். பிள்ளைகள் பதினாறு, பெரியவர்கள் நான்கு. வேறு யாரும் கட்டடத்துக்குள் இல்லை. வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் உண்டு.

நீ போனை எடுப்பதில்லை. என் தங்கை எங்கோ சுகமாக இருக்கிறாள் என்று ஜெபத்தில் மட்டும் சொல்லிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டிவிட்டேன். இனி முடியாது, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை நாள் இந்த ஊருக்கு என்னவென்று உனக்கே தெரியும். அந்த ஒரு புதன்கிழமை பெஞ்சில் எத்தனை தலை இருக்கிறதோ அத்தனைக்குத்தான் தலைநகர் லான்சிங்கிலிருந்து வருஷம் முழுக்கப் பணம் வரும். தலைக்கு ஏழாயிரம் டாலர். அதனால்தான் காய்ச்சலடிக்கிற பிள்ளையைக்கூடப் போர்வையில் சுற்றித் தூக்கி வருகிறோம், விருந்து வைக்கிறோம். இந்த வருஷமும் நான்தான் பாஸ்டி சுட்டேன். எல்லாருக்கும் அவரவர் பெயரின் முதல் எழுத்தை மேல்மாவில் குத்தி, அவரவருக்குப் பிடித்த மாதிரி உள்ளே கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்தேன். அடுப்பிலிருந்து எடுத்த பிறகுதான் பார்த்தேன், டர்னிப் கிழங்கு போடாமல் ஒன்று செய்திருக்கிறேன். மேலே ‘எம்’ என்று குத்தியிருக்கிறேன். கை தானாகச் செய்திருக்கிறது. அதைத் தட்டில் மற்றவற்றோடு வைத்து மூடிவிட்டேன்.

நம் டீச்சர் மிஸ் டோர்வினென் பித்தப்பை அறுவைக்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மார்ச்சிலிருந்து அவள் வருகைப் பட்டியல் வாசிக்கும்போது ஓரிடத்தில் லேசாகத் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவாள். விலகல் படிவத்தில் உன் கையெழுத்து இல்லாமல் பெயரை எடுக்க முடியாது. உன்னிடம் அந்தப் படிவத்தை நீட்டும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை. பட்டியல் அப்படியே கிடந்தது. மாற்று ஆசிரியைக்கு இது எதுவும் தெரியாது. அவள் பட்டியலில் உள்ளபடி எல்லாப் பெயரையும் வாசித்தாள். “மெர்யா ஹீக்கிலா” என்றும் வாசித்தாள்.

ஐலா, யாரோ பதில் சொன்னார்கள்.

“இன்னும் இருக்கேன்.”

உன் மகள் எப்போதும் சொல்வாளே, அதே சொற்கள். பெரியவர்கள் ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் ‘பள்ளி இன்னும் இருக்கிறது’ என்று பெருமூச்சு விடுவதைக் கேட்டுவிட்டு, அவள் டீச்சரைச் சிரிக்க வைக்கச் சொல்லும் அந்தப் பதில். திருமதி பிளாங்க் தலை நிமிராமல் ‘வந்தாள்’ என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். நான் பின்னால் பால் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நானும் கேட்டேன்.

இப்போது தாளில் பதினேழு இருக்கிறது. எண்ணிக்கைத் தாளில் பொருளாளராக நான் கையெழுத்துப் போட்டால்தான் அது லான்சிங்குக்குப் போகும். விலகல் படிவம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. நீ அதில் கையெழுத்திட்டு அனுப்பினால் அந்தத் தவற்றைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். வற்புறுத்தவில்லை.

கர்த்தர் உன்னைத் தனியே விடாதிருப்பாராக.

உன் அக்கா
ஹில்மா

*

துலூத், மின்னசோட்டா
அக்டோபர் 9

ஆல்டர் பே பள்ளி வாரியப் பொருளாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படிவமும் கிடைத்தது. படிவத்தைக் கிழித்துவிட்டேன்.

போன ஜனவரியில் நடந்த கூட்டத்தில் ‘முனைச் சாலைப் பேருந்து’ என்ற வரியை பட்ஜெட்டிலிருந்து நீக்கக் கை தூக்கியவர்களில் நீங்களும் ஒருவர். முனைச் சாலையில் இருந்த ஒரே மாணவி உங்கள் தங்கையின் மகள். காலை ஷிப்டுக்கு நான் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும் என்பதும், அவள் தனியாக நடந்து வர வேண்டும் என்பதும், சாலை வழி சுற்று என்பதும், உறைந்த விரிகுடா குறுக்கு வழி என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மார்ச்சில் பனி எப்படி இளகிக் கிடக்கும் என்பதும் தெரியும். பேருந்தை எடுத்துவிட்டு இப்போது பெயரையும் எடுக்க என்னிடமே கையெழுத்து கேட்கிறீர்கள். உங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கிறது. அடிப்பதற்கு ஒரு பேனாவும் இருக்கிறது.

நான் இங்கே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க வெள்ளைத் துணி மடிக்கிறேன். யாரோடும் பேச வேண்டியதில்லை. நன்றாக இருக்கிறேன்.

ஒன்று மட்டும் பதில் எழுதுங்கள். அது யாருடைய குரல்? ஆணா பெண்ணா, சின்னதா பெரிதா? எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? பாஸ்டி என்ன ஆயிற்று?

ஐலா ஹீக்கிலா

*

ஆல்டர் பே
அக்டோபர் 14

ஐலா,

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏற்றுக்கொள்கிறேன்.

கை தூக்கினேன். அதை நான் மறுக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. மரக்கூழ் ஆலை மூடியதில் இரண்டு குடும்பங்கள் போய்விட்டன, எண்ணிக்கை இறங்கியது, வருஷத்தின் நடுவில் பணம் குறைந்தது. பள்ளி வாரியம் கடனில் நடக்கக்கூடாது என்பது சட்டம். கொதிகலன் எண்ணெய், மிஸ் டோர்வினெனின் சம்பளம், பேருந்து என்று மூன்று பெரிய வரிகள்தான் மிச்சம். எண்ணெயை நிறுத்தினால் எல்லாப் பிள்ளைகளும் உறைவார்கள், டீச்சரை நிறுத்தினால் பள்ளியே இல்லை. அன்றைக்கு அது கணக்காகத்தான் தெரிந்தது. அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை, இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வருகிறது. ராத்திரி என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

நீ கேட்டதற்குப் பதில். சின்னக் குரல். பெண் குரல். ஜன்னல் பக்கத்திலிருந்து, பூட்ஸ் கழற்றி வைக்கும் மூலைக்கு அருகிலிருந்து வந்தது. மதியம் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். திட்டவில்லை, மிட்டாய் கொடுத்துத்தான் கேட்டேன். லாஹ்தி இரட்டையர் அழுதார்கள். போதகர் பையன்கள் சத்தியம் செய்ய முன்வந்தார்கள், வேண்டாமென்றேன். கெய்சா நியேமிதான் உன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். போன வருஷம் மெர்யா அவளுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்தாள். அவளாக இருக்கும் என்று நினைத்தேன்.

“நான் சொல்லல அத்தை” என்றாள் கெய்சா. “அவ எப்பவும் கத்தித்தான் சொல்லுவா. அன்னிக்கு மெதுவாச் சொன்னா.”

அதற்கு மேல் அந்தப் பிள்ளையிடம் நான் என்ன கேட்க முடியும்?

பாஸ்டி இல்லை. சாப்பாடு முடிந்து தட்டைத் திறந்தபோது மாவுத் துகள்தான் இருந்தது. பிள்ளைகள் பதினாறு பேரும் அவரவர் எழுத்தைத்தான் எடுத்தார்கள், நானே பரிமாறினேன்.

இப்போது ராய் கோசோனென் பற்றி. பதினேழு பேருக்குப் பணம் வந்தால் பள்ளி ஜூன் வரை நடக்கும். பதினாறு என்றால் குளிர்காலத்தைத் தாண்ட எண்ணெய்க்கு வழியில்லை. பிள்ளைகளைப் பென்ஃபீல்டு மாவட்டத்திடம் ஒப்படைக்க வேண்டியதுதான். ராய் ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும் இடத்தில் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“லான்சிங்லேருந்து எவன் வந்து நம்ம பிள்ளைங்க தலையை எண்ணப் போறான், ஹில்மா? தாள்ல ஒரு வெளியூர் டீச்சர் எழுதியிருக்கா. நாம எழுதல. அந்தப் பொண்ணு இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் செஞ்ச உதவின்னு நெனச்சுக்கோயேன்.”

ராய் கெட்டவர் இல்லை. விரிகுடாவில் பனி உடைந்தபோது இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடியவர்களில் முதல் ஆள் அவர்தான். அதனாலேயே என்னால் அவரிடம் கோபப்பட முடியவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. எண்ணிக்கை நாளில் வராத பிள்ளை, பெற்றோர் அனுமதியோடு விடுப்பில் இருந்தால், முப்பது நாளுக்குள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்காக வைத்த சட்டம். ‘வந்தாள்’ என்பதை எடுத்துவிட்டு ‘விடுப்பு’ என்று மாற்றுவதா, எண்ணிக்கைத் தாளிலிருந்து பெயரையே எடுப்பதா என்று நான் முடிவு செய்ய வேண்டும், அந்தத் தாளுக்கு என் கையெழுத்து மட்டும் போதும். நவம்பர் ஒன்றாம் தேதி வரை நேரம் இருக்கிறது.

உனக்கு மறைக்காமல் எல்லாம் எழுதிவிட்டேன். சாப்பிடுகிறாயா?

ஹில்மா

*

துலூத்
அக்டோபர் 21

அக்கா,

சாப்பிடுகிறேன். கீழே ஒரு ரொட்டிக் கடை, மிஞ்சினதைக் கொடுக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். இங்கேயும் அதே ஏரிதான், அங்கே இருக்கிற அதே தண்ணீர்தான். சலவைக்கூடத்தில் ஒரு கிழவர் இருக்கிறார், பழைய சரக்குக் கப்பல்காரர். அந்த ஆழத்துக் குளிருக்கு எதுவும் மேலே வராது, அப்படியே இருக்கும், கெடாது என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. என் மகள் எங்கேயோ கெடாமல் இருக்கிறாள். வயசுகூட ஆகாது. பத்துதான்.

மெதுவாகச் சொன்னாள் என்று கெய்சா சொன்னாளே. அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. களைப்பாக இருந்தால் அவள் மெதுவாகத்தான் பேசுவாள்.

நீ முடிவு செய்ய வேண்டாம். நான் முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது இதுதான்: ‘என் மகள் மெர்யா ஹீக்கிலா என் அனுமதியுடன் விடுப்பில் இருக்கிறாள். தாயார் ஐலா ஹீக்கிலா.’ சட்டம் கேட்பது அதைத்தானே? நான் தாய். நான் அனுமதி கொடுக்கிறேன். நவம்பர் ஒன்று வரை நேரம் இருக்கிறது என்று நீயே எழுதினாய்.

ஷெரிப் ஆபீஸில் தேடலை ஏன் நிறுத்தினார்கள் என்று உனக்குத் தெரியுமா? முக்குளிப்பவர்களுக்குக் கொடுக்க அந்த வருஷத்து ஒதுக்கீட்டில் பணம் தீர்ந்துவிட்டதாம். ஒரு இளைஞன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்க பட்ஜெட் அவ்வளவுதாம்மா” என்றான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பேருந்துக்குப் பணமில்லை, அதனால் போனாள். தேடப் பணமில்லை, அதனால் வரவில்லை. இப்போது முதல் தடவையாக அவள் பெயருக்குப் பணம் வரப்போகிறது. அவளுக்கென்று ஒரு பெஞ்சு, ஒரு பால் டப்பா, அவள் பங்குக்குக் கொஞ்சம் எண்ணெய். வரட்டுமே. இந்த மாகாணம் ஒரு வருஷமாவது அவளுக்குச் செலவு செய்யட்டுமே. அந்த எண்ணெயில் கெய்சா குளிர் காய்ந்தால் யாருக்கு நஷ்டம்?

அக்கா, நான் பைத்தியமில்லை. அவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உலகத்தில் எங்கெல்லாமோ அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். பல் டாக்டர் ஆபீஸில் எடுத்துவிட்டார்கள். நூலகத்திலிருந்து கார்டு செல்லாது என்று கடிதம் வந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதிலும் வந்த ஒரே இடம் உன் தாள். அதிலிருந்து எடுக்காதே.

ஐலா

*

ஆல்டர் பே
நவம்பர் 1

என் ஐலா,

இன்று சகல பரிசுத்தவான்களின் நாள். இந்த வருஷம் இறந்தவர்களுக்காக ஆலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். பெயர்களை வாசித்தபோது போதகர் என்னைப் பார்த்தார். நான் தலையசைக்கவில்லை. அதனால் அவர் மெர்யா பெயரை வாசிக்கவில்லை. ஏற்றாத ஒரு மெழுகுவத்தி மேஜை ஓரத்தில் கிடந்தது.

உன் சீட்டை மதிக்கவில்லை என்று நினைக்காதே. அதை அவள் கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேல் குத்தி வைத்தேன். இந்தப் பத்து நாளும் தினமும் காலையில் பள்ளிக்குப் போனேன். பூட்ஸ் வைக்கும் மூலையில் காய்ந்த பாய் போட்டேன். கதவைத் தாழிடாமல் வைத்தேன். வேர்ன் ஒன்றும் கேட்காமல் கூடவே வந்து கொதிகலனைப் பற்றவைத்துக் கொடுத்தார். மிஸ் டோர்வினென் தையல் பிரிக்காத வயிற்றோடு திரும்பி வந்துவிட்டாள். அவள் பட்டியல் வாசிக்கையில் அந்த இடம் வரும்போது இப்போது செருமுவதுகூட இல்லை. ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிறுத்துகிறாள். பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். கொதிகலன் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. நான் ஒவ்வொரு நாளும் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்டேன். நீ இங்கே இல்லாததால் உனக்குப் பதிலாகக் கேட்டேன்.

இன்று பள்ளி விடும் மணி அடித்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் போகும்வரை இருந்தேன். பிறகு புதிய தாள் எடுத்துப் பதினாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். ராயிடம் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை.

நான் அதிகம் படித்தவள் இல்லை. வேதத்தையும் வீட்டுக் கணக்கையும் நானாகத்தான் வாசிக்கக் கற்றேன். ஆனால் ஒன்று நிச்சயமாக நம்புகிறேன், ஐலா, நீ சிரித்தாலும் சரி. ஒரு நாள் சமுத்திரமும் தன்னிடம் இருப்பவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்று எழுதியிருக்கிறது. இந்த ஏரியும் கொடுக்கும். அன்றைக்கு அவள் பூட்ஸை உதறிவிட்டு உள்ளே வருவாள். ‘வந்தாள்’ என்று நான் எழுத வேண்டும். எண்ணெய்க்காக ஒரு தரம் பொய்யாக அந்தச் சொல்லை எழுதிவிட்டேனானால், மெய்யாக வரும் நாளில் எதை எழுதுவேன்? என் கையெழுத்தை யார் நம்புவார்கள்? அவளே நம்புவாளா?

அந்தக் குரலை நான் கேட்டேன். அது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை ஏழாயிரம் டாலருக்கு என்னால் விற்க முடியவில்லை.

மாலை வாரியம் கூடியது. ராய் தாளைப் பார்த்தார். பிறகு, “நீ கணக்கு எழுதல ஹில்மா. இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கல்லறை எழுதிட்டே” என்றார். கெய்சாவின் அம்மா என்னோடு பேசாமல் போனாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு பிள்ளைகளைப் பென்ஃபீல்டுக்கு அனுப்புவது என்று தீர்மானம் ஆயிற்று. இந்தத் தடவையும் கை தூக்கினேன்.

நீ என்னை வெறுத்தால் அது நியாயமே. ஆனாலும் எழுது.

ஹில்மா

*

துலூத்
நவம்பர் 24

அக்கா,

பதினாறு.

இருந்த ஒரே இடத்திலிருந்தும் எடுத்துவிட்டாய். நீ சொல்கிற காரணம் எனக்குப் புரிகிறது. புரிவதால் ஒன்றும் குறையவில்லை.

எனக்கு வேதம் வேண்டாம், மெழுகுவத்தியும் வேண்டாம். அந்த ‘எம்’ போட்ட பாஸ்டியை யார் தின்றார்கள் என்று ராயிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். கேட்டு, அவர் ‘நான்தான்’ என்று சொல்லிவிட்டால் உனக்கும் ஒன்றும் மிஞ்சாது.

இனி எழுதாதே.

ஐலா

*

ஆல்டர் பே
2014 ஜனவரி 17

ஐலா,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் அடக்கிக்கொண்டேன். இப்போது எழுதாமல் இருந்தால் அது வேறொரு பாவம்.

முதலில் நீ கேட்டது. ராயிடம் கேட்டேன். பள்ளியைக் காலி செய்யும் நாளன்று, அவரும் வேர்னும் கரும்பலகையைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவர் கழற்றிய திருகாணியைப் பையில் போட்டார். “எடுத்தேன்” என்றார். “பிள்ளைங்க அந்த எழுத்தைப் பார்த்துடக் கூடாதேன்னு எடுத்து கோட்டுப் பையில வெச்சேன். தின்னல. போற வழியில முனையில வண்டிய நிறுத்தி, தண்ணி ஓரமா ஒரு பாறை மேல வெச்சுட்டு வந்தேன். காலையில போய்ப் பார்த்தேன். இல்ல.” நரியாக இருக்கும் என்று அவரே சொன்னார். பிறகு, நரி வந்த தடம் இல்லை என்றும் அவரே சொன்னார். வேர்ன் ஏணியைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கட்டடம் பூட்டியாகிவிட்டது. பத்தாவது நாளாகப் பிள்ளைகள் பென்ஃபீல்டு பேருந்தில் போய் வருகிறார்கள். அங்கே பெரிய மாவட்டம், பெரிய பட்ஜெட், பேருந்துக்கென்று தனி வரி இருக்கிறது. பென்ஃபீல்டுக்குப் போகும் ஒரே சாலை முனைச் சாலைதான் என்பது உனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பேருந்தின் ஓட்டுநர் என் வீட்டுக்கு வந்தான். துவெய்ன் என்று பெயர், வெளியூர்ப் பையன், நல்ல மரியாதை. வாசலிலேயே நின்று பேசினான்.

“மிசஸ் ரௌட்டியோ, முனைச் சாலையில ஒரு தபால் பெட்டி இருக்கே, ஹீக்கிலான்னு போட்டு. அங்க ஏறுற பிள்ளை யாரு? ஒரு வாரமா நிறுத்துறேன், ஒருத்தரும் வர்றதில்ல.”

நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டேன். பழைய வழித்தாளை நம் வாரியம்தான் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது, பேருந்து இருந்த காலத்துத் தாள். ‘முனைச் சாலை, மாணவி ஒருவர்’ என்று அதில் இருக்கிறதாம். மாணவர் வராவிட்டாலும் கதவைத் திறந்து காத்திருந்துதான் போக வேண்டும் என்பது அவர்கள் விதி. அவனே சொன்னான்:

“மொதல் நாள் நான் கதவைச் சாத்தப் போனேன். அந்தச் சின்னப் பொண்ணு, கெய்சா, எழுந்து நின்னுடுச்சு. ‘அங்கிள், உடனே சாத்தாதீங்க. அவ பூட்ஸ் போட நேரமாகும்’னு சொல்லிச்சு. பெரிய பசங்க யாராவது சிரிப்பாங்கன்னு பார்த்தேன். ஒருத்தனும் சிரிக்கல.”

மறுநாள் காலை நான் முனைக்குப் போய் உன் தபால் பெட்டிக்குச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். விரிகுடா முழுக்க உறைந்துவிட்டது. பனி அடியில் விரிசல் விடும் அந்தச் சத்தம் உனக்கு நினைவிருக்கும், யாரோ கதவைத் தட்டுவது போல வரும். பேருந்து வந்து நின்றது. விளக்குகள் மின்னின. கதவு திறந்தது. உள்ளிருந்த வெப்பம் வெளியே ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் யாரும் பேசவில்லை. கெய்சா மட்டும் தன் இருக்கையில் இன்னொருவர் உட்காரும்படி ஒதுங்கி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். ஓட்டுநர் படிக்கட்டையே பார்த்தபடி காத்திருந்தான். அந்த நேரத்தில் நான் ஜெபிக்கக்கூட இல்லை. பிறகு அவன் மெல்லக் கதவைச் சாத்தினான். பேருந்து போய்விட்டது.

அந்த நிறுத்தத்துக்கு ஆகும் டீசலும் நேரமும் பென்ஃபீல்டு கணக்கில் போகிறது. அதைக் கேட்க எனக்கு உரிமையில்லை. கேட்கவும் மாட்டேன்.

துவெய்ன் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருவான். நிறுத்தட்டுமா வேண்டாமா என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும் என்கிறான், ஆபீஸில் அவனே சொல்லி வழித்தாளை மாற்றிவிடுவானாம். அவனிடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை பேருந்தை எடுக்கக் கை தூக்கினேன். ஒரு முறை பெயரை எடுக்கக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் முறை என் கையால் ஆகாது, ஐலா. இது எந்த வாரியத்துக்கும் உரிய முடிவில்லை. உன்னுடையது.

நீ ‘நிறுத்த வேண்டாம்’ என்றால் சொல்லிவிடுகிறேன், ஒருவரும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். ‘நிறுத்தட்டும்’ என்றால் அவன் தினமும் நிறுத்துவான், நானும் முடிந்த நாளெல்லாம் அங்கே போய் நிற்பேன். நீயே ஒரு நாள் வந்து நின்று பார்த்துவிட்டுச் சொல்வதானாலும் முன்னறை காலியாகத்தான் இருக்கிறது, படுக்கை விரித்து வைத்திருக்கிறேன்.

நிறுத்தட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் பதில் எழுது.

ஹில்மா